ஸ்க்விட் பிராக்ஸி போகப்போக ஸ்லோ ஆகுது, டிஸ்க் செட்டப் யாராவது பாத்துச் சொல்லுங்க

ஆத்தங்கரை லேப்:

வணக்கம் அண்ணாச்சிமாரே. வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிடுதேன். மொத்தம் 140 சிஸ்டம், பாதி உபுண்டு பாதி விண்டோஸ். வெளிய போற லைன் 100 எம்பிபிஎஸ் ஒண்ணுதான், அதையும் ஆபீஸும் லைப்ரரியும் பங்கு போட்டுக்கிடுது. அதனாலதான் ஸ்க்விட்னு ஒரு பிராக்ஸி சாஃப்ட்வேர நடுவுல வச்சி, ஒருத்தன் எறக்கினத அடுத்தவனுக்கு இங்கேந்தே குடுக்க கேஷ் பண்ணுதோம். காலேஜ் சிஸ்டம் எல்லாத்துலயும் எங்க சர்ட்டிஃபிகேட்ட ஏத்தி, ஹெச்டிடிபிஎஸ்ஸ நடுவுல பிரிச்சுப் பாக்க எஸ்எஸ்எல் பம்ப் போட்டிருக்கு, பேங்க் சைட்டு மெயிலு ஆதாரு இதெல்லாம் பிரிக்காம ஸ்ப்ளைஸ்ல விட்டாச்சு, பிள்ளைகளுக்கும் எழுதி ஒட்டி வச்சிருக்கு, அந்தப் பஞ்சாயத்து இங்க வேண்டாம்.

பிரச்சினை என்னன்னா, போட்ட புதுசுல பிரமாதமா ஓடிச்சு. பையப் பைய ஸ்லோவாகி இப்ப காலைல முதல் ஹவர் லேப் ஆரம்பிச்சா பேஜ் தொறக்க பத்து இருவது செகண்டு ஆகுது. பிராக்ஸிய எடுத்துட்டு நேரா போனா உடனே தொறக்குது. அப்பறம் எதுக்கு இந்தச் சவத்த வச்சிக்கிட்டிருக்கன்னு ஹெச்ஓடி கேக்காங்க, பதில் சொல்ல முடியல.

சர்வர் பழசு. 16 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க் நாலு, 7200 ஆர்பிஎம், நாலையும் ஒண்ணாக் கட்டி ரெய்டு 5ல சேத்து போட்டிருக்கு, மேல எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். ஓஎஸ், லாக், கேஷ் எல்லாம் அதே அரேல. கேஷ் மெம் 12 ஜிபி குடுத்திருக்கேன், ராம் சும்மாதான கெடக்குன்னு. டிஸ்க் கேஷுக்கான கேஷ் டிர் லைன் யூஎஃப்எஸ் வகை, சைஸ் 900000 எம்பி, அதுக்குப் பொறவு டைரக்டரி 16, ஒவ்வொண்ணுக்குள்ளயும் 256. மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸ் 4 எம்பி, அதத் தொடல. டிஸ்க் பத்தலியோ, இன்னும் பெருசாப் போடணுமோ? எஸ்எஸ்டி ஒண்ணு கேட்டா வாங்கித் தருவாங்க, 480 ஜிபி வரைக்கும். எதுல கை வைக்கணும்னு சொல்லுங்க.

பேட்டை ரூட்:

தம்பி, டிஸ்க்க தொடுததுக்கு முன்ன ரெண்டு மூணு நம்பர் வேணும். ஸ்க்விட்கிளையண்ட் வச்சி எம்ஜிஆர் இன்ஃபோங்கற நிலவரத்த எடுத்து அதுல ஸ்டோரேஜ் ஸ்வாப் சைஸ் (டிஸ்க் கேஷ்ல கெடக்கிற அளவு), மீன் ஆப்ஜெக்ட் சைஸ் (சேத்து வச்ச ஃபைலோட சராசரி அளவு), ஸ்டோர் என்ட்ரி எத்தன, ஹிட் ரேஷியோ (கேட்டதுல எவ்ளோ கேஷ்லேந்து போச்சு), பேஜ் ஃபால்ட் இதப் போடுங்க. அடுத்து முதல் ஹவர் லேப் நடக்கையில விஎம்ஸ்டாட் ஒரு ஓட்டம், ஐஓஸ்டாட் எக்ஸ் ஒரு ஓட்டம். விஎம்ஸ்டாட்ல எஸ்ஐ, எஸ்ஓ, அதாவது ராம் பத்தாம டிஸ்க்ல உள்ள ஸ்வாப்புக்கு போயி வாரது, ரெண்டு வரிசையும் சைபரா இல்லையான்னு மட்டும் பாத்தாப் போதும்.

கேஷ் மெம் 12 ஜிபின்னு பாத்ததுமே எனக்கு பக்குனுச்சு. அது ஸ்க்விட்டோட மொத்த ராம் அளவுன்னு நெறய பேரு நெனைக்காங்க. இல்ல. அது மெமரில வைக்கிற ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும். டிஸ்க்ல கெடக்கிற ஆப்ஜெக்ட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு என்ட்ரி ராம்ல தனியா இருக்கும். குடோன்ல எத்தன மூட்ட அடுக்குதியளோ அத்தன வரி கணக்கு நோட்டுல ஏறணும்ல, அந்த நோட்டு இருக்கிற எடம் ராம். 64 பிட் மெஷின்ல டிஸ்க் கேஷ் 1 ஜிபிக்கு 14 எம்பி ராம்னு பொதுவா ஒரு கணக்கு, அது சராசரி ஆப்ஜெக்ட் 13 கேபின்னு வச்சிப் போட்டது. அதுபோக கனெக்‌ஷனுக்கு பஃபர், பம்ப் போட்டா சர்ட்டிஃபிகேட் தயார் பண்ணுத ஹெல்ப்பர், ஓஎஸ்க்கு கொஞ்சம். 16ல 12 போனா மிச்சம் எங்க இருக்கு?

ஆத்தங்கரை லேப்:

எடுத்துட்டேன் அண்ணாச்சி. ஸ்வாப் சைஸ் 310 ஜிபி பக்கம், மீன் ஆப்ஜெக்ட் 22 கேபி, என்ட்ரி கிட்டத்தட்ட ஒரு கோடியே 48 லட்சம். எண்ணிக்கைல ரிக்வெஸ்ட் ஹிட் 24 சதவீதம், டேட்டா அளவுல பைட் ஹிட் 6தான். விஎம்ஸ்டாட்ல எஸ்ஐ எஸ்ஓ ரெண்டும் விடாம ஓடுது, சைபரே வரல. ஐஓஸ்டாட்ல டிஸ்க் எவ்ளோ பிஸின்னு காட்டுத யூட்டில் 98, 99, 100ன்னே நிக்குது, காத்துக்கெடக்கிற நேரம் அவெய்ட் 200 மில்லிசெகண்டுக்கு மேல.

பேட்டை ரூட்:

அப்ப தெளிவாப் போச்சு. ஒங்க ஆப்ஜெக்ட் 22 கேபி, அதனால 1 ஜிபிக்கு 14 வேண்டாம், 8 எம்பி சொச்சம் வரும். 310 ஜிபிக்கு அந்தக் கணக்கு நோட்டு, அதாவது இண்டெக்ஸ், மட்டும் இரண்டரை ஜிபி தாண்டும். கேஷ் மெம் 12ம் சேந்தா பதினாலரை. மத்த எல்லாத்துக்கும் ஒண்ணரை ஜிபிதான், அதனாலதான் மெஷின் ஸ்வாப்புக்குப் போவுது. அந்த ஸ்வாப் எங்க இருக்கு? அதே ரெய்டு 5 மேல. ஆக கேஷ் படிக்கணும்னாலும் டிஸ்க், அந்தக் கேஷ் எங்க இருக்குன்னு தேடணும்னாலும் டிஸ்க். புதுசுல நல்லா ஓடினதும் இதனாலதான், அப்ப இண்டெக்ஸ் சின்னது.

மொதல்ல இன்னைக்கே செய்ய வேண்டியது: கேஷ் மெம்ம 4 ஜிபிக்கு எறக்குங்க. ரீகான்ஃபிகர் பண்ணாம முழுசா நிப்பாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க, எடுத்த மெமரிய அது லேசுல திருப்பிக் குடுக்காது. இது ஒண்ணுலயே பாதி தீரும். டிஸ்க் கதைய அக்கா வந்து சொல்லட்டும், அவங்களுக்குத்தான் அதுல கை.

தென்காசி சாரல்:

கூப்பிட்டாச்சா, வந்துட்டேன். இங்க காலைலேந்து சாரல், கரண்டு வந்து வந்து போகுது, சீக்கிரம் அடிச்சிருதேன்.

தம்பி ஒங்க கேஷ் டிர் லைன்ல இன்னொண்ணு இருக்கு, ரூட் அண்ணாச்சி கண்ணுல படல. ஸ்க்விட்ல ஒரு கேஷ் டிருக்கு 2ன் அடுக்கு 24, அதாவது ஒரு கோடியே 67 லட்சத்து சொச்சம் ஆப்ஜெக்ட்டுக்கு மேல வைக்க முடியாது, சைஸ் எத்தன குடுத்தாலும். நீங்க ஒரு கோடியே 48ல நிக்கியா. 22 கேபி சராசரிக்கு இது 350 ஜிபி பக்கத்துல முட்டும். 900ன்னு எழுதி வச்சது வெறும் எழுத்துதான், அங்க ஒருக்காலும் போகாது. பெரிய டிஸ்க் வாங்கி என்ன செய்ய?

அதுபோல 16, 256. ஸ்க்விட் ஒரு உள் டைரக்டரிக்கு 256 ஃபைல்னு வரிசையா போட்டுக்கிட்டே போகும், 16ஐ 256ஆல ரெண்டு தடவ பெருக்குனா 10 லட்சத்து 48 ஆயிரம். அதுக்கு மேல போனா திரும்ப மொதல் டைரக்டரிலேந்து அடுக்கும். ஒங்களுக்கு இப்ப ஒரு டைரக்டரில 3600 ஃபைல் கெடக்கு. எக்ஸ்ட்4 இதத் தாங்கும், ஒடஞ்சு போகாது, ஆனா ராம் பத்தாத மெஷின்ல டைரக்டரி, ஃபைல் விவரம் இருக்கிற ஐநோடு எதுவும் ஓஎஸ்ஸோட பேஜ் கேஷ்ல நிக்காது, ஒரு ஃபைல் தொறக்க ரெண்டு மூணு தடவ ஹெட்டு அலையணும்.

ஹெட்டு அலைச்சல்தான் இங்க மொத்தச் செலவும். 7200 ஆர்பிஎம்னா தட்டு ஒரு சுத்து சுத்த 8.3 மில்லிசெகண்டு, சராசரியா பாதிச் சுத்து 4.2, ஹெட்டு நகர இன்னொரு 8, 9. ஆக ஒரு டிஸ்க் செகண்டுக்கு 80 சில்லற ரீடு குடுத்தா பெரிசு. ரெய்டு 5ல சின்ன ரைட்டு ஒண்ணு எழுதணும்னா பழைய டேட்டா படி, பழைய பாரிட்டி (டிஸ்க் செத்தா மீட்க வச்ச கணக்கு) படி, புதுசு ரெண்டும் எழுது, நாலு வேல. நாலு டிஸ்க் சேந்து ஒரு டிஸ்க் வேகத்துலதான் எழுதும். டேட்டாவ காப்பாத்தத்தான ரெய்டு, கேஷ்ல காப்பாத்த என்ன இருக்கு, போனா திரும்ப எறக்கிக்கிடலாம். அதனால ரெய்ட கலைங்க. ரெண்டு டிஸ்க்க ஒண்ணுக்கு ஒண்ணு நகலா ரெய்டு 1 போட்டு ஓஎஸும் லாகும் அதுல, மத்த ரெண்டும் தனித்தனி, டிஸ்க்குக்கு ஒரு கேஷ் டிர். எதுல வேல கம்மியோ அதுல ஸ்க்விட் தானா போடும், லீஸ்ட் லோடுதான் டீஃபால்ட்டு. ஒரு விசயம் மட்டும், தனி டிஸ்க் ஒண்ணு செத்தா ஸ்க்விட் அந்தாக்குல நின்னுரும், நீங்க போயி அந்த லைன கமெண்ட் பண்ணிட்டு எழுப்பணும். காலேஜுக்கு அது தாங்கும்னு நெனைக்கேன்.

அடுத்து யூஎஃப்எஸ். அதத் தூக்கிட்டு ஏயூஎஃப்எஸ் போடுங்க. யூஎஃப்எஸ்ல டிஸ்க் வேல முடியுற வரைக்கும் ஸ்க்விட் பிராசஸ் மொத்தமும் நிக்கும். ஒரு பையன் பழைய ஃபைல் ஒண்ணு கேட்டு டிஸ்க் 200 மில்லிசெகண்டு முழிச்சா மிச்ச 139 பேரும் காத்துக்கெடக்கணும், கேஷுக்கே சம்பந்தமில்லாத பேஜ் கேட்டவனும் சேத்து. ஒங்க ஹெச்ஓடி கேட்டதுக்குப் பதில் இதுதான். ஏயூஎஃப்எஸ்ல அந்த வேலைய த்ரெட்டுக்கு தள்ளி விட்டுரும். ஸ்டார்ட் பண்ணின புதுசுல கேஷ் லாக்ல கியூ கன்ஜஷன்னு வார்னிங் ஒண்ணு ரெண்டு வரும், அதுக்கு பயப்படாதிய, தானா சரி பண்ணிக்கிடும். விடாம வந்தாத்தான் டிஸ்க் தாங்கலன்னு அர்த்தம்.

மவுண்ட்ல நோஏடைம் போடுங்க, இல்லன்னா கடைசியா எப்ப படிச்சதுன்னு குறிக்க, ஃபைல படிக்கதுக்கே ஒரு எழுத்து வேல வரும். இப்ப உள்ள கர்னல்ல ரெல்ஏடைம் டீஃபால்ட்டா இருக்கு, முன்ன மாதிரி மோசமில்ல, ஆனாலும் போட்டா நஷ்டமில்ல. எம்கேஎஃப்எஸ் வச்சி டிஸ்க்க ஃபார்மட் பண்ணுறப்ப லார்ஜ்ஃபைல் ஆப்ஷன் குடுத்திராதிய, ஐநோடு முடிஞ்சு போயி எடம் பாதி காலியா இருக்கப்பவே நோ ஸ்பேஸ்னு கத்தும், டிஎஃப் ஐ போட்டாத்தான் வெளங்கும். கேஷ் டிர் சைஸ் பார்ட்டிஷன்ல 80 சதவீதத்தத் தாண்ட வேண்டாம்.

வள்ளியூர் காத்தாலை:

நான் வேற மாதிரி சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. இவ்ளோ பாடு எதுக்கு? பைட் ஹிட் 6 சதவீதம். 100 எம்பிபிஎஸ்ல 6 மிச்சம். அதுக்கு ஒரு சர்வரு, நாலு டிஸ்க்கு, ஒரு ஏசி. இப்ப நெறய சைட்டு நோ ஸ்டோரு, பிரைவேட்டுன்னு ஹெடர் போட்டுத்தான் அனுப்புது, பிரைவேட்டுன்னா பிரௌசர் மட்டும்தான் தன் கேஷ்ல வச்சிக்கிடும். டிஸ்க் கேஷ மொத்தமா எடுங்க. கேஷ் டிர் லைனே இல்லாம ஸ்க்விட் நல்லா ஓடும், மெமரில மட்டும் வச்சிக்கிடும், இன்ஸ்டால் பண்ணுனா டீஃபால்ட்டே அப்படித்தான் வருது. எதுக்கு அனுமதி எதுக்கு இல்லன்னு எழுதுத ஏசிஎல்லுக்கும் லாகுக்கும் மட்டும் பிராக்ஸி இருக்கட்டும். 22 கேபி ஃபைல டிஸ்க்லேந்து எடுக்க 13 மில்லிசெகண்டு, சென்னைலேந்து எடுக்க அதவிட எவ்ளோ கூட ஆயிரும்?

பேட்டை ரூட்:

காத்தாலை சொல்லுததுல பாதி நியாயம். சின்ன ஃபைல பொறுத்தவர நூத்துக்கு நூறு. ஆனா ஒரு லேப்ல அப்டேட் வார அன்னைக்கி என்ன ஆவுதுன்னு யோசிங்க வே. 70 விண்டோஸு ஒரே கியூமுலேட்டிவ் அப்டேட்ட 70 தடவ எறக்குது. 70 உபுண்டு ஒரே டெப் பேக்கேஜ் ஃபைல எறக்குது. இதுதான் ஒங்க 100 எம்பிபிஎஸ்ஸ திங்குத சாமான், இதுல ஒரு தடவ எறக்கி மிச்சத்த லோக்கல்ல குடுத்தா அதுதான் லாபம். தம்பி கான்ஃபிக்ல மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸ் 4 எம்பி. அப்ப பெரிய ஃபைல் ஒண்ணுகூட கேஷ்ல ஏறல. ஏற வேண்டியத வெளிய தள்ளிட்டு ஏற வேண்டாத சில்லறைய ஒண்ணரை கோடி சேத்து வச்சிருக்கு. 6 சதவீதம் வராம என்ன செய்யும்.

அதனால என் யோசன, மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸ 1 ஜிபிக்கு ஏத்துங்க, அந்த லைன் கேஷ் டிர் லைனுக்கு மேல இருக்கணும், கீழ போட்டா சில வெர்ஷன்ல எடுக்காது. கேஷ் ரீப்ளேஸ்மெண்ட் பாலிசிய ஹீப் எல்எஃப்யுடிஏ ஆக்குங்க, அது பெருசா சின்னதான்னு பாக்காம அடிக்கடி கேக்குதத வச்சிக்கிடும், பைட் ஹிட் ஏறும். ஜிடிஎஸ்எஃப்னு இன்னொண்ணு இருக்கு, அது சின்னதா நெறய வச்சிக்கிடும், ஒங்களுக்கு அது நேர் எதிர்.

உபுண்டுவுக்கு பம்ப்கூட வேண்டாம். பேக்கேஜ் எறக்குத ஆப்ட் ரிப்பாசிட்டரி சாதா ஹெச்டிடிபிலதான் வருது, பேக்கேஜ் லிஸ்ட்ல கையெழுத்து இருக்கறதால நடுவுல யாரும் மாத்தினா ஆப்ட்டே கண்டுபுடிச்சிரும். டெப் ஃபைலுக்கு, எவ்ளோ நேரம் புதுசுன்னு வச்சிக்கிடலாம்னு சொல்லுத ரிஃப்ரெஷ் பேட்டர்ன்ல 129600 நிமிஷம், அதாவது 90 நாள் குடுக்கலாம், வெர்ஷன் மாறினா ஃபைல் பேரே மாறிரும். ரிலீஸ், பேக்கேஜஸ் ஃபைலுக்கு மட்டும் சைபர், இல்லன்னா ஹேஷ் சம் மிஸ்மேட்ச்னு பிள்ளைய வந்து நிக்கும்.

விண்டோஸ் அப்டேட்டுதான் கோட்டி புடிக்க வைக்கும். அது ஃபைல துண்டு துண்டா ரேஞ்சு ரிக்வெஸ்ட்ல கேக்கும், ஸ்க்விட் துண்ட கேஷ் பண்ணாது. ரேஞ்ச் ஆஃப்செட் லிமிட்ட அந்த டொமைனுக்கு மட்டும் ஏசிஎல் போட்டு ஏத்துனா ஸ்க்விட் முழு ஃபைலயும் தானே எறக்கி வச்சிக்கிடும். குவிக் அபார்ட் மின் மைனஸ் 1, அப்பத்தான் கேட்டவன் பாதில வெட்டிக்கிட்டாலும் இது எறக்கி முடிக்கும். அந்த ரேஞ்ச் லிமிட்ட எல்லா சைட்டுக்கும் பொதுவாப் போட்டிராதிய, ஒருத்தன் வீடியோவ நடுவுல தள்ளித் தள்ளிப் பாத்தான்னா முழு வீடியோவும் எறங்கி லைன் ஒண்ணுமத்துப் போயிரும்.

வள்ளியூர் காத்தாலை:

அது சரி, 4 எம்பிய நான் கவனிக்கல. அப்படின்னா எந்த டொமைன கேஷ் பண்ணணுமோ அத மட்டும் ஏசிஎல்ல எழுதி, மிச்சத்துக்கு கேஷ் டினை போட்டுருங்க. டிஸ்க் எழுத்தே முக்காவாசி கொறஞ்சிரும். எஸ்எஸ்டி காசும் மிச்சம்.

ஆத்தங்கரை லேப்:

கேஷ் மெம் 4 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணினேன், ஸ்வாப் ஓட்டம் நின்னுபோச்சு, பேஜ் 3, 4 செகண்டுக்கு வந்திருக்கு. ரெய்ட லீவுல கலைக்கலாம்னு இருக்கேன். எஸ்எஸ்டி வேண்டாம்னு சொல்லுதிய, ஆனா பர்ச்சேஸ்ல சரின்னுட்டாங்க, விட்டா அடுத்த வருசம் கேக்க முடியாது. வாங்கினா அதுல என்ன போட? யூஎஃப்எஸ்ஸுக்குப் பதிலா ராக்னு ஒரு கேஷ் வகை போடலாம்னு ஒரு எடத்துல படிச்சேன்.

இன்னொண்ணு, 2023 டிசம்பர் வெள்ளத்துல கீழ் ரூம்ல தண்ணி ஏறினதுலேந்து சர்வர மாடிக்கு ஏத்தியாச்சு. மேல தட்டோடு வெக்க. டிஸ்க் சூடு 52, 53 காட்டுது, இதுவும் ஸ்லோவுக்குக் காரணமா இருக்குமா?

தென்காசி சாரல்:

சூட்டுனால ஸ்லோ ஆகாது, ஆயுசு கொறையும். சாதா டிஸ்க்குக்கு 60 டிகிரி வரைக்கும்தான் கம்பெனி எழுதியிருப்பான், சித்திரை வெயில்ல நம்ம பாளையங்கோட்ட பக்கம் மாடி ரூம் என்ன ஆகும்னு ஒங்களுக்கே தெரியும். ஸ்மார்ட்சிடிஎல் போட்டு ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் ரெண்டும் பாருங்க. பெண்டிங் ஏறுற டிஸ்க்னா ஒரு செக்டர திரும்பத் திரும்ப படிக்கப் பாத்து மொத்த அரேயயும் நிறுத்தி வச்சிரும், அப்ப ஸ்லோ ஆகத்தான் செய்யும். கலைக்கிற அன்னைக்கி நாலையும் பாத்துட்டு மோசமானத தூக்கிப் போடுங்க.

எஸ்எஸ்டி வாங்கிக்கிடுங்க, வர்றத யாரு வேண்டாம்பா. அதுல ராக். ராக்னா ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு ஃபைல் கெடையாது, ஒரே பெரிய ஃபைல், உள்ள 16 கேபி ஸ்லாட்டா பிரிச்சு வச்சிருக்கும், ஐநோடு, டைரக்டரி, ஃபைல் தொறக்கது மூடுதது ஒண்ணும் இல்ல. சின்ன ஆப்ஜெக்ட்டுக்கு அதுதான் லாயக்கு. பெருசையும் பல ஸ்லாட்டுல போட்டுக்கிடும், 3.5க்கு முந்தி 32 கேபிக்கு மேல ஏத்தாது. 40 ஜிபி ராக், மேக்ஸ் சைஸ் 32 கேபின்னு போட்டா போதும். அப்டேட் ஃபைலுக்கு அந்த ரெண்டு தட்டு டிஸ்க்லயும் ஏயூஎஃப்எஸ், மின் சைஸ் அதுக்கு மேல, ஆளுக்கு 150 ஜிபி. பெரிய ஃபைல தட்டு டிஸ்க் வரிசையா படிச்சா 100 எம்பிபிஎஸ் லைன விட பல மடங்கு வேகம், அதுல கொறையே இல்ல. ஆப்ஜெக்ட் பெருசானா எண்ணிக்கையும் கொறையும், இண்டெக்ஸும் சுருங்கும், 16ம் 256மே போதும்.

பின்னால வொர்க்கர்னு ஸ்க்விட் பிராசஸ் ரெண்டு மூணு ஓட்டணும்னு நெனச்சியன்னா ராக் மட்டும்தான் எல்லாரும் பகுந்துக்கிடும். ஏயூஎஃப்எஸ்ஸ அப்படி பங்கு போட முடியாது, வொர்க்கருக்கு ஒரு டைரக்டரி தனியா குடுக்கணும், ஒரே அப்டேட் ஃபைல் ரெண்டு எடத்துல கெடக்கும். 140 சிஸ்டத்துக்கு ஒரு பிராசஸ் தாராளம்.

பழைய கேஷ காப்பி பண்ணி மாத்தலாமான்னு கேக்காதிய. ஸ்க்விட்ட நிப்பாட்டு, புது டைரக்டரிக்கு ஓனர மாத்து, எதையும் யோசிக்காம ஸ்க்விட் ஹைஃபன் இசட் அடி, அது முடிஞ்ச பொறவு ஸ்டார்ட்டு. காலியா ஆரம்பிக்கட்டும்.

ஆத்தங்கரை லேப்:

சரிக்கா. கடைசியா ஒண்ணு. இங்க கரண்டு போனா யூபிஎஸ் 20 நிமிசம்தான் நிக்கும், அதுக்கு மேல சர்வர் அப்படியே அணைஞ்சிரும். திரும்ப வந்தா கேஷ் லாக்ல ரீபில்டிங் ஸ்டோரேஜ், டர்ட்டின்னு போட்டுட்டு ரொம்ப நேரம் இழுக்குது. அத சுருக்க வழி இருக்கா?

பேட்டை ரூட்:

இருக்கு. யூபிஎஸ்ல யூஎஸ்பி வயர் இருந்தா அத சர்வர்ல மாட்டி யூபிஎஸ்ஸ கவனிக்கிற நட் சாஃப்ட்வேர் போடுங்க, பேட்டரி கீழ எறங்கினதும் ஸ்க்விட்ட ஒழுங்கா ஷட்டவுன் பண்ணச் சொல்லலாம். ஷட்டவுன் லைஃப்டைம் டீஃபால்ட் 30 செகண்டு, கனெக்‌ஷன் முடியட்டும்னு காத்திருக்கும், அத 5 ஆக்கிருங்க. ஒழுங்கா மூடுனா கேஷ் கணக்கு இருக்கிற ஸ்வாப் ஸ்டேட் ஃபைல சுத்தமா எழுதி வச்சிட்டுப் போகும், வாரப்ப அதப் படிச்சா சோலி முடிஞ்சுது. அப்படியே செத்தா பழைய என்ட்ரி ஒவ்வொண்ணயும் சரிதானான்னு பாத்துக்கிட்டே வரணும், ஒண்ணரை கோடி இருந்தா இழுக்காம என்ன செய்யும். அந்த ஸ்வாப் ஸ்டேட் ஃபைல் சும்மா விட்டா வளந்துக்கிட்டே போகும், ஸ்க்விட் ஹைஃபன் கே ரொட்டேட் தெனம் ராத்திரி கிரான்ல ஓடுதான்னும் பாத்துக்கிடுங்க, லாக்ரொட்டேட் கான்ஃபிக்ல ஏற்கெனவே இருக்கும், இல்லன்னா சேத்துருங்க.